18 வோல்ட் டிரில் பேட்டரியில் எரியும் ஒர்க் லைட்: பூட்டிக் கிடந்த வீட்டு மராமத்துக்குச் சரிப்படுமா?

கேள்வியைச் சுருக்கித் திரும்பச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் புரியும். கேட்டவர் சென்னையில் இருக்கிறார். பள்ளத்தூரில் பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீடு. தை மாதம் படைப்பு, அதாவது முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்பிடுவது, வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் வீட்டைத் திறந்து ஒட்டடை அடித்து, உடைந்த ஓடு மாற்றி, நிலைக்கதவுகளையும் உத்திரங்களையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். மின் இணைப்பு துண்டித்துக் கிடக்கிறது. கையில் 18 வோல்ட் கார்ட்லெஸ் டிரில் ஒன்றும், 2 ஏ.எச். (ஆம்பியர் அவர்), 4 ஏ.எச். என்று இரண்டு பேட்டரியும் இருக்கின்றன. அதே பேட்டரியைச் செருகி எரிக்கிற லைட் வாங்கலாமா, எத்தனை மணி நேரம் எரியும், பேட்டரி கெட்டுப்போகுமா, ஆன்லைனில் எல்லா பேட்டரிக்கும் பொருந்தும் என்று மலிவாக விற்கிறார்களே அது போதுமா, கோலாலம்பூரிலிருந்து வரும் சித்தப்பாவிடம் வாங்கி வரச் சொல்லலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இருக்கிற பேட்டரியை நம்பி இருட்டு வீட்டுக்குள் இறங்கலாமா?

இறங்கலாம். ஆனால் அந்த லைட் பேட்டரி இறங்கும்போது தானாக நிற்கத் தெரிந்த லைட்டாக இருக்க வேண்டும். உங்கள் சட்டைப்பையில் தனியாக ஒரு சின்ன டார்ச்சும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியென்றால் தாராளமாக வாங்குங்கள். ஏன் இந்த இரண்டைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் காரைக்குடி வட்டாரத்தில் பழைய வீடுகளுக்கு வயரிங், மராமத்து பார்க்கிறவன். பேட்டரியின் ரசாயனம் என் படிப்பு இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்ததும், வேலையில் புழங்கித் தெரிந்ததும்தான். உங்கள் டிரில் எந்தக் கம்பெனி என்று நீங்கள் எழுதவில்லை, ஆகவே சில இடங்களில் "உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றுதான் முடிக்க வேண்டியிருக்கும்.

முதலில் அந்த 18 வோல்ட். பேட்டரி டப்பாவுக்குள் லித்தியம் அயான் செல்கள் ஐந்து வரிசையாக இணைந்திருக்கும். ஒரு செல் சராசரியாக 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுக்க சார்ஜ் ஏறினால் ஒரு செல் 4.2 வரை போகும், அப்போது மொத்தம் 21 வோல்ட். அமெரிக்கச் சந்தையில் "20 வோல்ட் மேக்ஸ்" என்று எழுதி விற்பதும் இதே ஐந்து செல் பேட்டரிதான், கூடுதல் சக்தி ஒன்றும் கிடையாது. 2 ஏ.எச்., 4 ஏ.எச். என்பது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கான அளவு. வோல்ட்டை ஏ.எச். ஆல் பெருக்கினால் வாட் அவர் வரும். உங்கள் சின்ன பேட்டரி 36, பெரியது 72. இந்த எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் விமான நிலையத்திலும் உதவும்.

எத்தனை மணி நேரம் எரியும் என்பதற்கு இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. இன்றைய எல்.இ.டி. லைட் தோராயமாக ஒரு வாட்டுக்கு 100 லூமன் தருகிறது. பெட்டியில் 1000 லூமன் என்று போட்டிருந்தால் சுமார் 10 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 36-ஐ 10 ஆல் வகுத்தால் மூன்றரை மணி. எல்.இ.டி.க்குக் கரண்டை அளந்து கொடுக்கிற டிரைவர் சர்க்யூட் உள்ளே கொஞ்சம் தின்னும், பேட்டரியும் புதுசாக இருக்காது, ஆகவே மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே எதிர்பாருங்கள். பெரிய பேட்டரியில் அதைப்போல இரண்டு பங்கு. பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்து வைத்தால் நேரம் இரட்டிப்புக்கும் கொஞ்சம் மேலேயே கிடைக்கும், ஏனென்றால் எல்.இ.டி. குறைந்த கரண்டில் சூடாகாமல் சிக்கனமாக எரியும். பெட்டியில் "40 மணி நேரம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், எந்த ஏ.எச். பேட்டரியில், எந்த அளவு பிரகாசத்தில் என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு லாபம் இருக்கிறது. 10 வாட் லைட் 18 வோல்ட் பேட்டரியிலிருந்து இழுப்பது அரை ஆம்பியர் சொச்சம்தான். டிரில் சுவரைத் துளைக்கும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அதனால் பழசாகிப்போய், டிரில்லில் போட்டால் இரண்டு துளைக்குள் படுத்துவிடுகிற பேட்டரிகூட லைட்டில் போட்டால் மணிக்கணக்கில் எரியும். உங்கள் 2 ஏ.எச். பேட்டரி தளர்ந்துபோயிருந்தால் அதை லைட்டுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். நல்ல பேட்டரியை டிரில்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பேட்டரி வைத்திருப்பவருக்கு இந்த லைட் லாபமாக இருப்பதற்குக் காரணமே இதுதான். பேட்டரி, சார்ஜர் எதுவும் இல்லாதவர் வெளிச்சத்துக்காக மட்டும் இவற்றை வாங்கப் புறப்பட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தப் பணத்துக்கு உள்ளேயே பேட்டரி இருக்கும் ரீசார்ஜ் லைட் நல்லதாகவே கிடைக்கும்.

சரி, பேட்டரி கெடுமா? லைட்டைப் போட்டு எரிப்பதால் கெடாது. ஒரேயடியாக வற்ற விட்டால் கெடும். லித்தியம் செல் ஒவ்வொன்றும் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. அதாவது உங்கள் பேட்டரி மொத்தமாக 12.5 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. நிதானமாக 15 வோல்ட்டிலேயே நிறுத்திக்கொள்வது நல்லது. அந்த 2.5-க்கும் வெகுவாகக் கீழே இறங்கிய செல்லின் உள்ளே இருக்கும் தாமிரத் தகடு கரைய ஆரம்பிக்கும், பின்னால் சார்ஜ் ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆகிற ஆபத்து உண்டு. சார்ஜர் அதைத் தெரிந்துகொண்டு சிவப்பு விளக்கைச் சிமிட்டி, ஏற்ற மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அப்போது யூடியூபில் காட்டுகிற மாதிரி இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து அதை எழுப்பப் பார்க்காதீர்கள். எழுந்துவிடும் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து.

இந்த எல்லையில் கரண்டை நிறுத்துகிற வேலை யாருடையது என்பதில்தான் சிக்கல். சில கம்பெனிகள் அந்தக் கட்டுப்பாட்டைப் பேட்டரிக்குள்ளேயே வைக்கின்றன. சில கம்பெனிகளில் பேட்டரி நிலவரத்தை மட்டும் சொல்லும், நிறுத்த வேண்டியது டிரில்லோ லைட்டோதான். இரண்டாவது வகை பேட்டரியை, நிற்கத் தெரியாத லைட்டில் போட்டுவிட்டு இரவு மறந்து தூங்கிவிட்டால் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். டிரில் என்றால் அது நிற்பது உங்களுக்கே தெரியும். லைட் மூலையில் எரிந்துகொண்டே இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே கம்பெனி தன் பேட்டரிக்கென்றே செய்த லைட்டில் இந்தப் பாதுகாப்பு எங்கோ ஓரிடத்தில் இருக்கும் என்று நம்பலாம். எல்லா பேட்டரிக்கும் பொருந்தும் என்று வருகிற பெயரில்லாத லைட்டில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

ஏற்கெனவே அப்படி ஒன்று வாங்கிவிட்டவர்கள் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. சென்னையிலேயே, வேலைக்குக் கிளம்பும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை லைட்டை எரியவிட்டு, பக்கத்திலேயே இருந்து பாருங்கள். வெளிச்சம் மங்க ஆரம்பித்ததும் பேட்டரியைக் கழற்றி பிளஸ், மைனஸ் முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். அந்த இரண்டும் பெரும்பாலும் இரு ஓரங்களில் பெரிய தகடாக இருக்கும். நடுவில் இருக்கிற சின்னத் தகடுகள் சூட்டையும் செல் நிலவரத்தையும் சொல்கிறவை. மீட்டர் முனை இரண்டு தகட்டையும் சேர்த்துத் தொட்டுவிடாமல் நிதானமாக வையுங்கள். அளந்துவிட்டு மறுபடி மாட்டி, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை இப்படியே பாருங்கள். 12.5 வோல்ட்டை நெருங்கியும் லைட் அணையாமல் மினுங்கிக்கொண்டே இருந்தால் அது நிற்கத் தெரியாத ஜாதி, உடனே கழற்றிவிடுங்கள். தூக்கிப் போட மனமில்லையென்றால், அடிக்கடி பேட்டரியில் உள்ள அளவுப் பொத்தானை அமுக்கி, ஒரே ஒரு கோடு மிஞ்சியிருக்கும்போது கழற்றிவிடுகிற பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனி பேட்டரியை இன்னொரு கம்பெனி லைட்டில் மாட்ட பிளாஸ்டிக் அடாப்டர் விற்கிறார்களே, அதற்கும் இதே பதில்தான். அதில் பல சமயம் அந்த நடுத் தகடுகளுக்கு இணைப்பே இருப்பதில்லை.

ஒரே கம்பெனி என்பதற்காக மட்டும் பொருந்திவிடும் என்றும் நினைக்க வேண்டாம். போஷில் நீல நிறத் தொழில்முறைக் கருவிகளின் 18 வோல்ட் பேட்டரி, பச்சை நிற வீட்டு உபயோகக் கருவிகளில் ஏறாது. மகிதாவில் 18 வோல்ட் எல்.எக்ஸ்.டி. வேறு, 40 வோல்ட் எக்ஸ்.ஜி.டி. வேறு, அதுமட்டுமில்லாமல் 18 வோல்ட்டிலேயே ஜி வரிசை என்று ஒன்று தனியாக இருந்தது, அதுவும் எல்.எக்ஸ்.டி. கருவியில் ஏறாது. கடைக்குப் போகும்போது பேட்டரியைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குவது உத்தமம். "பேட்டரி, சார்ஜர் வேண்டாம், வெறும் பாடி மட்டும்" என்று கேளுங்கள்.

இனி சட்டைப்பை டார்ச். நல்ல லைட்டுக்கே உரிய குணம் ஒன்று உண்டு. பேட்டரி வோல்ட்டேஜ் இறங்கினாலும் உள்ளே இருக்கும் சர்க்யூட் வெளிச்சத்தைக் கடைசிவரை ஒரே சீராக வைத்திருக்கும், எல்லை வந்ததும் பொட்டென்று அணைத்துவிடும். சில மாடல்கள் அணைவதற்கு முன் சிமிட்டி எச்சரிக்கும், சில சத்தமே காட்டாது. பேட்டரியைக் காப்பாற்ற அது செய்வது சரிதான்; ஆனால் நீங்கள் அந்த நேரத்தில் ஏணியில் நின்றுகொண்டு பரணுக்குள் தலையை விட்டிருந்தால்? வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியிருக்கும் பல அறைகளில் ஜன்னல் கிடையாது, கதவைச் சாத்தினால் பகலிலேயே கை தெரியாது. மச்சில் படிக்கட்டு செங்குத்தாக இருக்கும். எத்தனை பெரிய ஒர்க் லைட் வைத்திருந்தாலும் என் ஆட்கள் ஆளுக்கொரு நெற்றி விளக்கு கட்டாமல் மேலே ஏறக் கூடாது என்பது எங்கள் வேலையில் கண்டிப்பு. உங்களுக்குக் கைக்கு அடக்கமான ஒரு யு.எஸ்.பி. டார்ச் போதும். செல்போன் டார்ச்சை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு கை அதற்கே போய்விடும்.

எந்த மாதிரி லைட் என்று கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். துப்பாக்கி மாதிரிப் பிடித்துத் தூரத்துக்கு அடிக்கிற டார்ச் வகை ஒன்று, சட்டம் மாதிரி அகலமாகப் பரவுகிற வகை ஒன்று. உங்கள் வேலைக்குப் பரவுகிற வகைதான். தலையைச் சாய்க்க முடிய வேண்டும், மாட்டித் தொங்கவிடக் கொக்கி இருக்க வேண்டும். காந்தம் இருக்கிறது என்று கூடுதல் காசு கேட்டால் யோசியுங்கள். தேக்குத் தூணில் காந்தம் எங்கே ஒட்டும்? ஜன்னல் கம்பியில் ஒட்டும், அங்கே கொக்கியே மாட்டலாம். ஓட்டுக் கூரைக்கு அடியில் கைமரத்திலோ, ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் சட்டத்திலோ கொக்கியை மாட்டும் முன் அந்த மரத்தை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். கரையான் தின்ற ரீப்பர் வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. பெரிய 18 வோல்ட் பேட்டரியே அரைக் கிலோவுக்கு மேல் கனக்கும், லைட்டோடு சேர்ந்து தலையில் விழுந்தால் படைப்புக்கு வரும் பங்காளிகள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருக்கும்.

பெரிய அறையில் லைட்டை நேராக வேலை செய்கிற இடத்துக்குத் திருப்பினால் கண் கூசும், உங்கள் நிழலே வேலைமேல் விழும். ஆத்தங்குடிக் கல் தரையும், மெருகேற்றிய தூணும் வெளிச்சத்தை அப்படியே கண்ணில் திருப்பி அடிக்கும். அதைவிட, லைட்டைச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிடுங்கள். சுவரே விளக்காகி அறை முழுக்க ஒரே சீராக வெளிச்சம் வரும். ஒட்டடை அடிக்க, சாமான் எடுத்து வைக்க இது போதும். பெட்டகத்துக்குள்ளோ, மரச் சந்திலோ பார்க்க வேண்டும் என்றால் மட்டும் கையில் எடுத்துக் கிட்டத்தில் பிடியுங்கள். வெளிச்சம் தூரம் இரட்டித்தால் கால் பங்காகிவிடும், ஆகவே அதிக லூமன் வாங்குவதைவிட லைட்டை ஒரு முழம் பக்கத்தில் கொண்டுபோவது எப்போதும் மலிவு.

சுவர் பார்க்கிற விதம் வேறு. இந்த வீடுகளுக்கு வந்தால் இந்த லைட்டின் உண்மையான உபயோகம் இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். நேராக விளக்கடித்துப் பார்த்தால் பளபளப்பைத் தவிர எதுவும் தெரியாது; நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவீர்கள். லைட்டைச் சுவரோடு சுவராக, கிட்டத்தட்ட ஒட்டி வைத்து, வெளிச்சம் சுவர்மேல் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி சாய்த்துப் பிடியுங்கள். அறையில் வேறு வெளிச்சம் இருக்கக் கூடாது, கதவைச் சாத்திவிடுங்கள். அந்தச் சாய்வில் ஒரு நூலளவு புடைப்புகூட நீளமாக நிழல் விடும். பூச்சு சுவரைவிட்டுக் கழன்று உப்பியிருக்கிற இடம் மெல்லிய மேடாகத் தெரியும், முடி மாதிரி விரிசல் கருப்புக் கோடாகத் தெரியும், பழைய ஆள் யாரோ சிமென்ட் வைத்து ஒட்டுப் போட்ட இடம் தனியாகக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படித் தெரிகிற மேட்டை விரல் கணுவால் லேசாகத் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும். சுவரில் சாக்பீஸால் குறி போடாதீர்கள், பூச்சில் இழுத்த கோடு பிறகு சுலபத்தில் போகாது. செல்போனில் அந்தச் சாய்வு வெளிச்சத்திலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை பேச வரும் கொத்தனாரிடம் அந்தப் படத்தைக் காட்டினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

மரத்திலும் இதே சாய்வுதான். நிலைக்காலின் அடிப்பகுதி, சுவருக்குள் புதைந்து போகிற உத்திர முனை, இந்த இரண்டு இடத்தையும் விடாதீர்கள். கரையான் போட்ட மண் குழாய் மரத்தின் நிறத்திலேயே இருப்பதால் நேர் வெளிச்சத்தில் தப்பிவிடும், சாய்வில் வரப்பு மாதிரி எழுந்து நிற்கும். ஒன்று சொல்லியாக வேண்டும்: வெளிச்சம் இடத்தைக் காட்டும், உள்ளே எத்தனை ஆழம் போயிருக்கிறது என்று காட்டாது. அதற்குத் தச்சர் வந்து ஊசி குத்திப் பார்க்க வேண்டும்.

ஓடு ஒழுகுகிறதா என்று பார்க்க லைட்டே வேண்டாம். நல்ல வெயில் நேரத்தில் மச்சுக்குள் போய் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, கண் பழகும் வரை சும்மா நில்லுங்கள். எங்கெல்லாம் ஊசிமுனை வெளிச்சம் உள்ளே இறங்குகிறதோ அங்கெல்லாம் மாற்ற வேலை இருக்கிறது. நாட்டு ஓட்டை அடுக்கடுக்காகப் போட்டிருப்பதால் வெளிச்சம் வராமலே ஒழுகுகிற இடமும் உண்டு. மரத்தில் நீர்க்கறை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறம் பார்க்க மட்டும் இந்த லைட்டை நம்பாதீர்கள். சி.ஆர்.ஐ. என்று ஒரு அளவு உண்டு. 100-க்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவுக்கு நிறம் இயல்பாகத் தெரியும். சாதாரண ஒர்க் லைட்கள் பெரும்பாலும் 70, 80 அளவில்தான், நிறமும் நீலம் கலந்த வெள்ளை. உடைந்த ஆத்தங்குடிக் கல்லுக்குப் பதில் புதுக்கல் பொருத்தும்போதோ, தேக்குக்கு வார்னிஷ் நிறம் தேர்ந்தெடுக்கும்போதோ, பொருளைத் தூக்கிக்கொண்டு வளவு முற்றத்துக்கு வந்து பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

கரண்ட் ஒயர் இழுத்து பல்பு போட்டால் என்ன என்றும் யோசிப்பீர்கள். சொந்த இணைப்பு இருந்தால் எல்.இ.டி. ஃபிளட் லைட் ஒன்றை மாட்டிவிட்டு நாள் முழுக்க வேலை பார்ப்பதற்கு ஈடு கிடையாது, பேட்டரி லைட் அதற்குப் பக்கத்திலேயே நிற்க முடியாது. ஆனால் உங்கள் நிலைமையில் இணைப்பு இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுப்பது மின்வாரிய விதிப்படி தவறு. பிடித்தால் அபராதம் அந்த வீட்டுக்காரருக்கு. அதைவிட முக்கியம், நீங்கள் தரை கழுவப் போகிறீர்கள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிற கல் தரையில், கரண்ட் கசிந்தால் தானே நிறுத்துகிற ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் இல்லாமல், ஒட்டுப்போட்ட 230 வோல்ட் ஒயர் ஓடுவது நான் பார்க்க விரும்பாத காட்சி. 18 வோல்ட் லைட் ஷாக் அடிக்காது. ஆனாலும் பேட்டரி முனைகள் திறந்தவை, தண்ணீர் போனால் அரிக்கும். லைட்டைத் திண்டிலோ ஸ்டூலிலோ வையுங்கள், தரையில் வேண்டாம். இன்னொன்று, வீட்டின் பழைய வயரிங் செத்துத்தான் கிடக்கிறது என்ற தைரியத்தில் மரப்பட்டிக்குள் ஓடும் ஒயரை இழுத்துப் பார்க்காதீர்கள். எந்தப் பங்காளியின் பகுதிக்கு எங்கிருந்து லைன் வருகிறது என்பது பல வீடுகளில் யாருக்கும் தெரியாது. டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு தொடுங்கள்.

சார்ஜ் எங்கே ஏற்றுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். காரைக்குடியில் தங்கும் விடுதியில் இரவு இரண்டையும் ஏற்றிக்கொண்டு காலையில் வந்தால், லைட்டைத் தேவைக்கு மட்டும் எரித்து ஒரு நாளை ஓட்டிவிடலாம். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் செருகாதீர்கள்; பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் லித்தியம் பேட்டரியை ஏற்றக் கூடாது, நல்ல சார்ஜர் தானே காத்திருந்து ஆறிய பிறகுதான் ஆரம்பிக்கும். தையில் இது பெரிய தொல்லை இல்லை. சித்திரையில் வந்தால் வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

எடுத்துப் போகும் பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுச் சாவிக் கொத்தை அதே பையில் போடாதீர்கள். நம் வீட்டுச் சாவி ஒவ்வொன்றும் சாண் நீளத்துக்கு இரும்பு. பேட்டரி முனைகளுக்குக் குறுக்கே விழுந்தால் ஷார்ட் ஆகிப் பை தீப்பிடிக்கும். பேட்டரியோடு வந்த பிளாஸ்டிக் மூடி இருந்தால் மாட்டுங்கள், தொலைந்துபோயிருந்தால் முனைமேல் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

படைப்பு முடிந்து வீட்டைப் பூட்டும்போது லைட்டை அங்கே விட்டாலும் பேட்டரியைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள். ஸ்விட்ச் அணைத்திருந்தாலும் சில லைட்கள் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். அடுத்த வருஷம் திறக்கும்போது பேட்டரி உயிரோடு இருக்காது. பாதி சார்ஜில், குளிர்ச்சியான அலமாரியில், எந்தக் கருவியிலும் மாட்டாமல் வைத்து, சில மாதத்துக்கு ஒரு முறை அளவைப் பார்த்தால் போதும். இப்படி வைத்தால் எத்தனை வருஷம் வரும் என்று உறுதி கொடுக்க முடியாது. அது செல்லின் தரத்தையும் நீங்கள் டிரில்லைப் படுத்திய பாட்டையும் பொறுத்தது.

கடைசியாகச் சித்தப்பா. லைட் பாடி மட்டும் என்றால் தாராளமாக வாங்கி வரச் சொல்லுங்கள். பேட்டரி இல்லாத லைட்டைப் பெரிய பெட்டிக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். உங்கள் பேட்டரியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், கடைக்காரர் அதைப் பார்த்துக் கொடுப்பார். வாரண்டி இங்கே செல்லாது என்று வைத்துக்கொண்டுதான் விலையை ஒப்பிட வேண்டும். பேட்டரியும் வாங்கி வருவதென்றால் அது கைப்பையில்தான் வர வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது. 100 வாட் அவருக்குள் இருந்தால் பொதுவாகத் தடையில்லை. 18 வோல்ட் 5 ஏ.எச். என்றால் 90, சரியாகப் போய்விடும். 6 ஏ.எச். என்றால் 108, அதற்கு விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மலேசியச் சார்ஜர் நம் 230 வோல்ட்டில் வேலை செய்யும், பிளக் மட்டும் சதுர முனை, அதற்கு ஒரு மாற்று பிளக் போதும். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் யாராவது சார்ஜரோடு வாங்கி வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே விற்கும் டிரில் சார்ஜர்கள் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை, இங்கே செருகினால் புகைதான் வரும்.